புச்சி எமெச்செட்டா வாசித்தவர்கள் உண்டா? (எரிந்த நோட்டு, இரண்டு ஷில்லிங், மற்ற கணக்குகள்)

செங்கழுநீர் (இழை தொடங்கியவர்)

போன மாதம் பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு நாவல் அறுபது ரூபாய்க்குக் கிடைத்தது. ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’, 1974இல் வந்தது. எழுதியவர் புச்சி எமெச்செட்டா, நைஜீரியாக்காரர். பெயரைக்கூட அதற்கு முன் கேள்விப்பட்டதில்லை. இரண்டு ராத்திரியில் முடித்துவிட்டேன். மூன்றாவது ராத்திரி தூக்கம் வராமல் இதை எழுதுகிறேன்.

கணக்கு எழுதுவது என் பிழைப்பு. கதை படித்தாலும் யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்றுதான் கண் போகும். இதில் என்னைப் பிடித்து உலுக்கியது இரண்டு ஷில்லிங்.

அடா என்ற சிறுமி. லாகோஸ் நகரம், வெள்ளைக்காரன் ஆட்சிக் காலம். அப்பா செத்துப்போனதும் மாமா வீட்டில் எடுபிடியாக இருக்கிறாள். மேல்நிலைப் பள்ளி நுழைவுத் தேர்வு எழுத இரண்டு ஷில்லிங் கட்டணம். யாரும் தர மாட்டார்கள், கேட்கவும் முடியாது. ஒருநாள் இறைச்சி வாங்கிவரச் சொல்லி கையில் இரண்டு ஷில்லிங் கொடுத்து அனுப்புகிறார்கள். அவள் அதை மண்ணில் புதைத்துவிட்டு, காசு தொலைந்துபோச்சு என்று அழுதுகொண்டே திரும்பி வருகிறாள். யாரும் நம்பவில்லை. பிரம்படி நூறைத் தாண்டுகிறது. அடித்தவனுக்கே அலுத்துப்போகிறது. அடா வாயைத் திறக்கவில்லை. பரீட்சை எழுதி உதவித்தொகையோடு பள்ளிக்குள் போகிறாள்.

அப்புறம் கல்யாணம், லண்டன், வரிசையாகப் பிள்ளைகள். லைப்ரரியில் வேலை பார்த்துக் குடும்பத்தை ஓட்டுவது அவள். புருஷன் ஃபிரான்சிஸ் படிக்கிறான், ஃபெயில் ஆகிறான், மறுபடி படிக்கிறான். ஒரு கட்டத்தில் அவள் பள்ளிக்கூட நோட்டுகளில் ஒரு கதை எழுதி முடிக்கிறாள். கடைக்குப் போய்விட்டு வரும்போது வீட்டில் காகிதம் எரிந்த வாடை. அடுப்பில் அவள் கதை. என் குழந்தையைக் கொன்றுவிட்டாயே என்கிறாள். உருவகமாகச் சொல்லவில்லை, அப்படியே அந்த அர்த்தத்தில்தான் சொல்கிறாள்.

இது எழுதியவரின் சொந்தக் கதை என்கிறார்கள். எவ்வளவு தூரம் உண்மை? அடுத்து எதைப் படிக்கலாம்?

---

வயல்வரப்பு

தலைப்பை ‘பூச்சி’ என்று படித்து விவசாயப் பகுதி என்று நினைத்து உள்ளே வந்தேன். சரி, வந்தது வந்தாச்சு, உட்கார்ந்துவிட்டேன். மேலே சொல்லுங்கள்.

---

நூலகத்தூசி

வாங்க செங்கழுநீர். எமெச்செட்டாவைப் பற்றிப் பேச இங்கே ஒரு ஆள் வராதா என்று நாலு வருஷமாகக் காத்திருக்கிறேன். நீளமாகத்தான் எழுதுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயல்வரப்பு, முழுப்பெயர் ஃபுளோரன்ஸ் ஒன்யெபுச்சி எமெச்செட்டா. ‘ஒன்யெபுச்சி’யைச் சுருக்கினால் புச்சி. அந்தப் பெயரே ஒரு கேள்வி: யார் கடவுள்? கடைசியில் வரும் ‘சி’ என்பது அவருடைய இக்போ இனத்தாரின் நம்பிக்கையில் ஒவ்வொரு மனிதருக்கும் தனியாக இருக்கும் தெய்வம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சொந்தக் கதையேதான், அவர் மறைக்கவும் இல்லை. 1944 ஜூலை 21இல் லாகோஸில் பிறந்தவர். பூர்வீகம் நைஜர் ஆற்றுக்கு மேற்கே உள்ள இபூசா. அப்பா ரயில்வே தொழிலாளி. தம்பியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு இவரை வீட்டில் வைத்தார்கள். நாவலில் அடா ஒருநாள் ஒரு சிலேட்டை எடுத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஆசிரியரின் வகுப்புக்குள் அழையாமலே போய் நிற்பாளே, ஞாபகம் இருக்கிறதா? பிள்ளைகள் எல்லாம் சிரிக்கிறார்கள், ஆசிரியர் சிரிக்காமல் உட்கார இடம் காட்டுகிறார். வீடு திரும்பும் வழியில் சுட்ட வாழைக்காய் வாங்கிக் கொடுக்கிறார். இங்கே வீட்டில் பிள்ளையைக் காணோம் என்று ஊரே கூடிவிட்டது. பிள்ளையைச் சரியாகப் பார்த்துக்கொள்ளாத குற்றத்துக்கு போலீஸ் ஸ்டேஷனில் அம்மாவை உட்கார வைத்து, மரவள்ளி மாவைக் கரைத்துக் கிண்ணம் கிண்ணமாகக் குடிக்க வைக்கிறார்கள். அதற்குப் பிறகுதான் அவளைப் பள்ளியில் சேர்க்கிறார்கள். எமெச்செட்டாவிடம் எனக்குப் பிடித்தது இதுதான். சிறுமிக்குக் கிடைத்த வெற்றி என்று அவர் கொண்டாடிவிட்டு நகர்வதில்லை. அதற்கான தண்டனையை இன்னொரு பெண் குடித்தாள் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்.

பதினொரு வயதில் நிச்சயம், பதினாறில், 1960இல், கல்யாணம். லாகோஸில் அமெரிக்கத் தூதரக நூலகத்தில் நல்ல சம்பளம். 1962இல் இரண்டு குழந்தைகளோடு லண்டன். ஆறு வருஷத்துக்குள் ஐந்து பிள்ளைகள். ஐந்தாவது வயிற்றில் இருக்கும்போது, 1966இல், இருபத்திரண்டு வயதில் வீட்டைவிட்டு வெளியேறினார். பிரிட்டிஷ் மியூசியத்தில் நூலக வேலை, அப்புறம் லண்டன் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பட்டம். விடியற்காலையில் பிள்ளைகள் எழுந்திருக்கும் முன் எழுதுவார். ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலைப் பிள்ளைகளுக்குத்தான் சமர்ப்பணம் செய்திருக்கிறார். உங்கள் இனிமையான பின்னணிச் சத்தம் இல்லாமல் இதை எழுதியிருக்கவே முடியாது என்று. கிண்டலா, உண்மையா? இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

‘நியூ ஸ்டேட்ஸ்மன்’ பத்திரிகையில் அரசு உதவிப்பணத்தில் காலம் தள்ளும் வாழ்க்கையைப் பற்றிச் சின்னச் சின்னதாக எழுதினார். அதுதான் 1972இல் ‘இன் த டிச்’ என்ற முதல் புத்தகமானது. நீங்கள் படித்தது இரண்டாவது. எரிந்துபோன கதையை விட்டுவிடவில்லை, திரும்ப உட்கார்ந்து எழுதினார். ‘த பிரைட் பிரைஸ்’ என்ற பெயரில் 1976இல் வெளிவந்தது.

---

பழையபேப்பர்

நல்ல பெண்மணி, கஷ்டப்பட்டு முன்னுக்கு வந்தார், மறுக்கவில்லை. ஆனால் நாவல் என்று வரும்போது கஷ்டப்பட்டது மட்டும் போதுமா? இன்னொரு நைஜீரியரான சினுவா அச்சேபேயின் ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’ (1958) நாவல் ஒரு பழமொழியை வைத்தே ஒரு உலகத்தைக் கட்டிவிடும். எமெச்செட்டா நடை டைரிக் குறிப்பு மாதிரி. அவன் அடித்தான், இவள் அழுதாள், வாடகை கட்டினாள். நான் எண்பதுகளில் இரண்டு புத்தகம் படித்தேன், மூன்றாவதற்குக் கை போகவில்லை.

---

கதிரவன்87

எனக்கும் அதே மாதிரித்தான் தோன்றியது ஐயா. ஆனால் காரணம் வேறு. இவர் கதைகளில் ஒரு நல்ல ஆண் இருக்கிறானா? ஃபிரான்சிஸ் சோம்பேறி, பொய்யன், அடிக்கிறவன். நைஜீரிய ஆண் என்றாலே இப்படித்தான் என்று வெள்ளைக்கார வாசகர்கள் நினைத்துக்கொள்ள இது தோதாகப் போய்விடாதா? அந்தக் காலத்திலேயே அங்கே இப்படித் திட்டியவர்கள் இருந்திருக்கிறார்கள்.

---

செங்கழுநீர்

தம்பி, சுட்ட வாழைக்காய் வாங்கிக் கொடுத்த வாத்தியார் ஆண்தானே. சாக் ஃபார்ம் லைப்ரரியில் கூட வேலை பார்க்கிற கனடாக்காரர் பில்லும் ஆண்தான். கறுப்பின எழுத்தாளர்களை அவளுக்கு அறிமுகம் செய்வது அவர், நோட்டைப் படித்துவிட்டு இது நல்லாயிருக்கு, டைப் அடிக்கக் கொடு என்று சொல்வதும் அவர். இன்னொன்று, அடாவின் அப்பா. ‘யுனைடெட் கிங்டம்’ என்ற வார்த்தையை அந்த அப்பா சாமி பெயரைச் சொல்வது மாதிரி அடித்தொண்டையில் சொல்வார். அவள் வாழ்க்கை முழுக்க அந்தக் குரல்தான் காதில் ஒலிக்கிறது. அங்கே போய்ச் சேர்ந்ததும் அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு அறை.

பழையபேப்பர் ஐயா, “வாடகை கட்டினாள்” என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். எனக்கு அதுதான் கதையே. ஃபிரான்சிஸ் லண்டன் கிளம்பும்போது சொல்லும் நியாயத்தைக் கவனித்தீர்களா? பெண்கள் சீமைக்குப் போவது அப்பாவுக்குப் பிடிக்கவில்லை, அதனால் நான் போகிறேன், நீ இங்கேயிருந்து பணம் அனுப்பு. அவள் வேலை பார்க்க எந்த மரபும் தடையாக இல்லை, சம்பளத்தை வாங்கிக்கொள்ளவும் தடையில்லை. டிக்கெட் என்று வரும்போதுதான் மரபு குறுக்கே வந்து நிற்கிறது.

---

கேம்டன்குளிர்

வணக்கம். நான் லண்டனில் கனகாலமாக இருக்கிறன். அக்கா சொன்ன அந்த ‘ஒரே ஒரு அறை’ பற்றி ஒரு விஷயம் சொல்லவேணும்.

அடாவும் புருஷனும் வாடகைக்கு வீடு தேடி அலையிற இடம் கென்டிஷ் டவுன் பக்கம், இப்ப நான் தினமும் பஸ்ஸில் கடக்கிற இடங்கள்தான். கறுப்பர்களுக்கு வீடு இல்லை என்று கண்ணாடியிலேயே ஒட்டி வைத்திருப்பார்கள். 1968இல் இனப்பாகுபாட்டுச் சட்டத்தைத் திருத்தி வீட்டு வாடகைக்கும் விரிவாக்கும் வரைக்கும் அப்படி எழுதி ஒட்டுவதைத் தடுக்கச் சட்டம் எதுவும் இல்லை. ஒரு வீட்டில் அப்படி எழுதியிருக்கவில்லை. அடா டெலிபோன் பூத்துக்குள்ளே போய், தன் ஆப்பிரிக்க உச்சரிப்பு தெரியக்கூடாது என்று மூக்கைக் கையால் பிடித்துக்கொண்டு பேசுவாள். வீட்டுக்காரி மகிழ்ச்சியாக வரச் சொல்லுவாள். இருவரும் நேரில் போய் நிற்கும்போது, அந்த மனுஷியின் முகம் மாறும், அறை இப்பத்தான் போய்விட்டது என்பாள்.

நான் வந்தபோது அந்த அறிவித்தல்கள் இல்லை. ஆனால் எங்கட ஆட்கள் பலர் போனில் பேசும்போது பெயரைச் சுருக்கிச் சொல்லுவினம். மூக்கைப் பிடிக்கிற அந்தப் பக்கத்தை வாசித்தபோது சிரித்தேன், பிறகு புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன்.

வேறொன்று. கடைசியில் அவர்களுக்கு அறை கொடுப்பது இன்னொரு நைஜீரியர். துரத்துவதிலும் நைஜீரிய அயலவர்கள் பின்நிற்கவில்லை. இவள் தன்னை ஏதோ வெள்ளைக்காரி என்று நினைக்கிறாள், பிள்ளைகளைத் தன்னோடேயே வைத்து வளர்க்கிறாள் என்று அவர்களுக்கு எரிச்சல். அந்தக் காலத்தில் அங்கே படிக்க வந்த பல குடும்பங்கள் பிள்ளைகளை ஆங்கிலேய வளர்ப்புத் தாய்மாரிடம் பணம் கொடுத்து விடுவது வழக்கம். அடா மறுத்துவிடுவாள்.

---

பழையபேப்பர்

மூக்கைப் பிடித்துக்கொண்டு பேசும் இடம் எனக்கு ஞாபகமே இல்லை. நாற்பது வருஷம் ஆச்சு. மறுபடி எடுத்துப் பார்க்கிறேன். நடை பற்றிச் சொன்னதை வாபஸ் வாங்கவில்லை.

---

நூலகத்தூசி

நடை பற்றிய உங்கள் குறை ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலுக்குப் பாதி பொருந்தும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 1979இல் வந்த ‘த ஜாய்ஸ் ஆஃப் மதர்ஹுட்’ (தாய்மையின் இன்பங்கள்) படித்தீர்களா ஐயா? அது தன்வரலாறு இல்லை. அம்மா தலைமுறையின் கதை.

தலைப்புக்கே ஒரு பூர்வகதை உண்டு. ஃபுளோரா நுவாபா என்ற நைஜீரிய எழுத்தாளர் 1966இல் ‘எஃபுரு’ என்ற நாவலை எழுதினார். ஏரிக்குள் வாழும் ஒரு பெண் தெய்வம் அதில் வருகிறது. அழகும் செல்வமும் தருகிற தெய்வம், அவளுக்குப் பிள்ளை கிடையாது. தாய்மையின் இன்பத்தை அனுபவிக்காதவள் அவள், பிறகு ஏன் பெண்கள் அவளைக் கும்பிட்டார்கள் என்ற கேள்வியோடு அந்த நாவல் முடியும். பதின்மூன்று வருஷம் கழித்து எமெச்செட்டா அந்தச் சொற்களை எடுத்துத் தன் அட்டையில் போட்டார். பிள்ளை இல்லாதவளை ஏன் கும்பிட்டார்கள் என்று அந்த அம்மா கேட்டார். ஒன்பது பெற்றவளுக்கு என்ன கிடைத்தது, பாருங்கள் என்று இவர் காட்டுகிறார்.

‘சி’ என்று முதலில் சொன்னேன் அல்லவா? இங்கேதான் வருகிறது. ஊர்த் தலைவர் அக்பாடியின் மூத்த மனைவி இறந்துபோகிறாள். அவளுக்குத் துணையாக ஒரு அடிமைப் பெண்ணை உயிரோடு குழிக்குள் தள்ளுகிறார்கள். அவள் கெஞ்சுகிறாள். குழிக்குள் இறங்க மறுத்து மேலே ஏறப் பார்க்கும்போது கத்தியின் கைப்பிடியால் தலையில் அடி விழுகிறது. பிறகு அக்பாடிக்கு ஒரு மகள் பிறக்கிறாள், தலையில் ஒரு கட்டியோடு. குறிகாரன் பார்த்துவிட்டுச் சொல்கிறான்: இவளுடைய ‘சி’ அந்த அடிமைப் பெண்தான். அந்த மகள்தான் கதாநாயகி நூ எகோ. முதல் புருஷனிடம் பிள்ளை தங்கவில்லை, மலடி என்ற பட்டத்தோடு திரும்பி வருகிறாள். லாகோஸில் வெள்ளைக்காரத் தம்பதி வீட்டில் துணி துவைக்கும் நைஃபேக்குக் கட்டிவைக்கிறார்கள். ஒரு பெண்ணின் உள்ளாடையைத் துவைத்துக் காயப்போடுகிறவனா என் புருஷன் என்று அவளுக்கு உடம்பு கூசுகிறது. முதல் பிள்ளை பிறந்து சில வாரத்தில் இறந்துபோகிறது. அவள் கார்ட்டர் பாலத்தை நோக்கி ஓடுகிறாள், விழுந்து சாக. நாவல் தொடங்குவதே அந்த ஓட்டத்தில்தான், 1934.

பழமொழியில் உலகத்தைக் கட்டுவது ஒரு வகை. ஓடுகிறவள் காலில் தொடங்குவது இன்னொரு வகை.

---

மொழிபெயர்ப்பான்

இழையை இப்போதுதான் பார்த்தேன். ஒரு வேலைச் சிக்கலைச் சொல்கிறேன், உதவ முடிந்தால் உதவுங்கள்.

எமெச்செட்டாவை எல்லாரும் பெண்ணியவாதி என்றுதான் எழுதுகிறார்கள். அவர் அந்தச் சொல்லை முழுசாக ஏற்றுக்கொள்ளவில்லை. 1986இல் ஸ்டாக்ஹோமில் நடந்த ஆப்பிரிக்க எழுத்தாளர் மாநாட்டில் பேசும்போது, நான் பெண்ணியவாதி என்றால் ஆப்பிரிக்கப் பெண்ணியவாதி, அதுவும் சின்ன ‘எஃப்’ போட்டு எழுதும் பெண்ணியம் என்றார். ஆங்கிலத்தில் முதலெழுத்தைப் பெரிதாகப் போட்டால் அது ஒரு இயக்கம், ஒரு கட்சி, ஒரு கொடி. சின்னதாகப் போட்டால் அன்றாடம். அன்றாட வாழ்க்கையின் சின்னச் சின்ன நடப்புகளைத்தான் எழுதுகிறேன், ஆப்பிரிக்கப் பெண்ணின் கண்ணால் பார்க்கிறேன் என்பதும் அதே பேச்சில் இருக்கிறது.

நம் மொழியில் பெரிய எழுத்தும் கிடையாது, சின்ன எழுத்தும் கிடையாது. இதை எப்படித் தமிழில் கொண்டுவருவது? ‘சிறு பெண்ணியம்’ என்றால் மட்டம் தட்டுவது போல இருக்கிறது. ‘அடக்கமான பெண்ணியம்’ என்றால் அதைவிட மோசம், அடங்கிய பெண் என்று ஆகிவிடும்.

---

வயல்வரப்பு

‘கொடி பிடிக்காத பெண்ணியம்’?

---

மொழிபெயர்ப்பான்

கிட்ட வந்துவிட்டீர்கள். எழுதி வைத்துக்கொள்கிறேன்.

---

கதிரவன்87

அதே பேச்சில் அவர் பலதார மணத்துக்கும் சாதகமாகச் சொல்லியிருக்கிறார். சில பெண்கள் அதைத் தங்களுக்கு வசதியாக ஆக்கிக்கொள்கிறார்கள் என்று. இப்படிச் சொன்னவரைப் பெண்ணியவாதி என்று தூக்கிவைக்கும்போது யாரும் இதைப் பேசுவதே இல்லை. செனகலின் மரியாமா பா அதே 1979இல் ‘சோ லாங் எ லெட்டர்’ எழுதினார். இருபத்தைந்து வருஷம் கூட வாழ்ந்த புருஷன் மகளின் தோழியைக் கட்டிக்கொண்டு போனதை ஒரு பெண் கடிதமாக எழுதுவது. அதில் இந்த மழுப்பல் எதுவும் கிடையாது.

---

நூலகத்தூசி

நல்ல இடத்தில் பிடித்தீர்கள் தம்பி. மழுப்பல் என்று மட்டும் சொல்லாதீர்கள். அது கொடுமையாக இருக்கும் இடமும் உண்டு என்று சொல்லிவிட்டுத்தான் அந்த வாக்கியத்துக்கு வருகிறார். வேலைக்கும் படிப்புக்கும் போகிற பெண்ணுக்கு, வீட்டில் இன்னொரு ஜோடிக் கை இருப்பதைப் பற்றிப் பேசுகிறார். எனக்கும் அந்த வாதம் முழுசாக ஒப்பவில்லை. ஆனால் அவர் நாவல்களைப் படித்தால், அவருடைய சொற்பொழிவை அவருடைய கதாபாத்திரங்களே மறுத்துப் பேசுவது தெரியும்.

‘ஜாய்ஸ்’ நாவலில் நைஃபேயின் அண்ணன் இறந்ததும் அண்ணி அடாக்கு இவனுக்குச் சொந்தமாகி லாகோஸ் வந்து இறங்குகிறாள். ஒற்றை அறை. திரைக்கு அந்தப் பக்கம் புருஷனும் புதியவளும், இந்தப் பக்கம் நூ எகோ பிள்ளைகளைக் கட்டிக்கொண்டு பல்லைக் கடித்துக்கொண்டு. மூத்தாள் என்பதால் பொறாமையைக் காட்டவும் உரிமை இல்லை. அதே இரண்டு பேரும் இன்னொரு நாள் கூட்டுச் சேர்ந்து, சாப்பாட்டுச் செலவுக்குப் பணம் போதவில்லை, நாங்கள் சமைக்க மாட்டோம் என்று வேலைநிறுத்தம் செய்கிறார்கள். நைஃபே சம்பளத்தை எடுத்துக்கொண்டு குடிக்கப் போகிறான். பிள்ளைகள் பசியில் இருக்கும்போது முதலில் உடைவது யார்? நூ எகோதான். சமைத்துவிடுகிறாள். வேலைநிறுத்தம் தோற்கிறது.

அடாக்குவுக்கு இரண்டும் பெண் பிள்ளைகள். ஆண் பிள்ளை பெற்ற மூத்தாளை மதிக்கவில்லை என்று ஊர்ப் பெரியவர்கள் அவளை மட்டும் கூப்பிட்டு அவமானப்படுத்துகிறார்கள். அவள் வெளியே போய்விடுகிறாள். தாசியாகப் போகிறேன் என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டு. போய், துணி வியாபாரம் செய்து மகள்களைப் படிக்க வைக்கிறாள். ‘நல்ல பெண்’ நூ எகோவைவிட அவள் நன்றாக இருக்கிறாள். இதில் எங்கே தம்பி பலதார மணத்துக்கு விளம்பரம்? 1994இல் வந்த ‘கெஹிண்டே’யும் அப்படித்தான். லண்டனிலிருந்து லாகோஸ் திரும்பும் மனைவி, புருஷன் இன்னொருத்தியைக் கட்டியிருப்பதைப் பார்த்துவிட்டு லண்டனுக்கே திரும்பிவிடுகிறாள்.

---

செங்கழுநீர்

மூன்று வாரம் கழித்து வருகிறேன். ‘ஜாய்ஸ்’ நூலகத்தில் எடுத்தேன், ‘த ஸ்லேவ் கேர்ள்’ (1977) ஒரு தோழியிடம் வாங்கினேன். கணக்குப்பிள்ளை புத்தி போகாது, மன்னியுங்கள்.

நூ எகோ என்ற பெயருக்கு அர்த்தம் இருபது மூட்டைச் சோழி. சோழிதான் அங்கே பழைய காசு. அப்பா ஆசையாக வைத்த பெயர்தான், என் மகள் அதைவிட விலைமதிப்பில்லாதவள் என்று. ஆனாலும் பெயர் ஒரு தொகை. எரிந்து மறுபடி எழுதப்பட்ட ‘பிரைட் பிரைஸ்’ நாவலில் பெண்ணின் பெயர் அகுன்னா, அப்பாவின் சொத்து. ‘ஸ்லேவ் கேர்ள்’ நாவலில் அண்ணன் ஒகோலி, வயதுக்கு வந்தவர்கள் ஆடும் ஆட்டத்தில் பகட்டாக உடுத்திக்கொள்ளப் பணம் வேண்டும் என்று ஏழு வயதுத் தங்கை ஓஜெபெட்டாவைச் சந்தையில் விற்கிறான். எட்டு பவுண்டு. 1918 காய்ச்சலில் அப்பாவும் அம்மாவும் போய்விட்டார்கள், கேட்க ஆளில்லை. எமெச்செட்டாவின் அம்மாவே அப்படி விற்கப்பட்டவர் என்று படித்தபோது ஒரு நிமிஷம் கை ஓடவில்லை.

நான் விடுதலைக் கதை என்று நினைத்துத்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவள் ஊருக்குத் திரும்புகிறாள், விரும்பியவனைக் கட்டுகிறாள். கடைசிப் பக்கத்தில் பழைய எஜமானியின் மகன் வருகிறான். புருஷன் அந்த எட்டு பவுண்டைத் திருப்பிக் கொடுக்கிறான். அவளும் நன்றியோடு இருக்கிறாள். உலகப் போர் முடிந்து பிரிட்டன் ஜெயித்துக்கொண்டிருந்த நேரத்தில் முப்பத்தைந்து வயது ஓஜெபெட்டா எஜமானை மாற்றிக்கொண்டிருந்தாள் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார். இந்தப் புத்தகத்துக்குத்தான் அவருக்கு நியூ ஸ்டேட்ஸ்மனின் ஜாக் கேம்பல் விருது கிடைத்ததாம்.

---

கேம்டன்குளிர்

‘பிரைட் பிரைஸ்’ என்றால் சீதனம் தானே அக்கா?

---

மொழிபெயர்ப்பான்

இல்லை, திசை தலைகீழ். சீதனமும் வரதட்சணையும் பெண் வீட்டிலிருந்து போவது. இது மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் அப்பாவுக்குக் கொடுப்பது. தமிழில் இதற்குச் சரியான சொல் இருக்கிறது: பரிசம். ‘பரிசம் போட்டாச்சு’ என்று ஊர்ப்பக்கம் இன்னும் சொல்கிறார்கள் அல்லவா? நான் அந்த நாவலுக்கு அப்படித்தான் பெயர் வைக்க நினைக்கிறேன். அகுன்னா அடிமை வம்சத்தில் வந்த ஆசிரியர் சிக்கேயோடு ஓடிப்போகிறாள். சிக்கேயின் குடும்பம் வசதியானது, எவ்வளவு கேட்டாலும் பரிசம் கொடுக்கத் தயார். சித்தப்பன் வாங்க மறுக்கிறான். பரிசம் கொடுக்காத பெண் முதல் பிரசவத்தில் சாவாள் என்பது ஊர் நம்பிக்கை. அவள் சாகிறாள். மருத்துவக் காரணங்களும் இருக்கின்றன, வயது குறைவு, உடம்பு பலவீனம். ஆனால் பயமே பாதி கொன்றுவிட்டது போலத்தான் எமெச்செட்டா எழுதுகிறார்.

---

பழையபேப்பர்

‘ஜாய்ஸ்’ படித்து முடித்தேன். இரண்டு விஷயம்.

ஒன்று, கோர்ட் காட்சி. மகள் யொரூபா இனத்துக் கசாப்புக்காரர் வீட்டுப் பையனோடு போய்விட்டாள் என்று நைஃபே வெட்டுக்கத்தியோடு போய் அந்த வீட்டில் ஒருவரை வெட்டிவிடுகிறான். நூ எகோ சாட்சிக் கூண்டில். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் யார் கட்டுகிறார்கள் என்று வக்கீல் கேட்கிறார். என் புருஷன்தான் என்கிறாள். நோண்டிக் கேட்டதும் நான்தான் வியாபாரம் செய்து கட்டுகிறேன் என்று வருகிறது. அப்புறம் விளக்குகிறாள்: அவர் குடும்பத் தலைவர், மேலே இருக்கும் கடவுளுக்கு நாம் எல்லாரும் சொந்தம் போல நான் அவருக்குச் சொந்தம், ஆகவே நான் கட்டினாலும் அவர் கட்டியதுதான். கோர்ட்டில் சிரிப்பு. அவளுக்கு ஏன் சிரிக்கிறார்கள் என்றே புரியவில்லை. புருஷனைக் காப்பாற்ற நினைத்துச் சொன்ன பதிலே அவனைக் கவிழ்த்துவிடுகிறது. என் வயதில் எத்தனையோ கோர்ட் காட்சி படித்திருக்கிறேன். இது மாதிரி ஒன்று இல்லை.

இரண்டு, கடைசி. மூத்த மகன் அமெரிக்காவில், இன்னொருவன் கனடாவில். கடிதம் இல்லை. ஒரு ராத்திரி சாலை ஓரத்தில் படுத்து, கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லாமல் இறந்துபோகிறாள். செய்தி கேட்டு எல்லாரும் வருகிறார்கள். ஊரே பார்த்திராத அளவுக்குப் பெரிய சாவுச் சடங்கு. நல்ல மகன் என்று காட்டக் கடன் வாங்கிச் செய்ததை அடைக்க மூத்தவனுக்கு மூன்று வருஷம் ஆகிறது. அவளுக்கு ஒரு கோயிலும் கட்டுகிறார்கள், பிள்ளை இல்லாத பெண்கள் வேண்டிக்கொள்ள. அவள் யாருக்கும் பிள்ளை வரம் தருவதில்லை.

நடை பற்றி நான் சொன்னது இந்தப் புத்தகத்துக்குப் பொருந்தாது. போதுமா நூலகத்தூசி?

---

நூலகத்தூசி

போதும் ஐயா. இந்தக் கமெண்ட்டை ஃபிரேம் போட்டு மாட்டிக்கொள்கிறேன்.

விட்டுப்போன சிலது. அவரை ஆரம்பத்தில் தாங்கிப் பிடித்த பதிப்பகம் ஆலிசன் அண்ட் பஸ்பி. அதை நடத்திய இருவரில் ஒருவர் கானாவில் பிறந்த மார்கரெட் பஸ்பி, பிரிட்டனில் பதிப்பாளரான முதல் கறுப்பினப் பெண். ‘கிராண்டா’ இலக்கிய இதழ் 1983இல் போட்ட சிறந்த இளம் பிரிட்டிஷ் நாவலாசிரியர் பட்டியலில் எமெச்செட்டா இருந்தார். அதற்கு முந்தைய வருஷம்தான் நைஜீரிய உள்நாட்டுப் போரான பியாஃப்ரா போரை ஒரு பெண்ணின் பக்கமிருந்து பார்க்கும் ‘டெஸ்டினேஷன் பியாஃப்ரா’ வந்திருந்தது. பிறகு மகனோடு சேர்ந்து சொந்தப் பதிப்பகமும் நடத்தினார். தன்வரலாறு ‘ஹெட் அபவ் வாட்டர்’ 1986. பிரிட்டிஷ் அரசின் ஓ.பி.ஈ. விருது 2005. லண்டனில் 2017 ஜனவரி 25இல் இறந்தார். 75ஆவது பிறந்தநாளுக்கு கூகுள் டூடுல் போட்டது, 2021இல் பெங்குவின் ‘செகண்ட் கிளாஸ் சிட்டிசன்’ நாவலைத் தன் மாடர்ன் கிளாசிக்ஸ் வரிசையில் மறுபடி கொண்டுவந்தது. அதனால் அட்டை கிழியாத பிரதியும் கிடைக்கும், அறுபது ரூபாய்க்குக் கிடைக்காது.

---

கதிரவன்87

ஆண்களைப் பற்றி நான் கேட்டது இன்னும் பாக்கி. ஆனால் நைஃபே மேல் எனக்கே பரிதாபம் வந்துவிட்டது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தெருவில் போனவனைப் பிடித்து லாரியில் ஏற்றி இரண்டாம் உலகப் போருக்கு அனுப்பிவிடுகிறார்கள். எங்கே போகிறோம் என்றுகூட அவனுக்குத் தெரியாது. ஃபிரான்சிஸ் மேல் மட்டும் வரவில்லை.

---

செங்கழுநீர்

ஃபிரான்சிஸ் மேல் அவருக்கும் வரவில்லை போல. கோர்ட்டில் அவன் நமக்குக் கல்யாணமே ஆகவில்லை, அந்தப் பிள்ளைகளைத் தத்துக் கொடுத்துவிடட்டும் என்கிறான். அத்தாட்சிப் பத்திரத்தை எரித்துவிட்டான். எரிப்பதில் கெட்டிக்காரன். அடா நீதிபதியிடம் பிள்ளைகள் என்னுடையவர்கள், அது போதும் என்கிறாள்.

முதல் பதிவில் ஒரு கணக்கை விட்டுவிட்டேன். நாவலின் கடைசி. கோர்ட்டிலிருந்து வெளியே வந்து கேம்டன் டவுனில் அழுதுகொண்டே நடக்கும்போது, யாரோ அவளைச் சின்ன வயதுச் செல்லப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். லாகோஸ் காலத்து நண்பன். ஃபிரான்சிஸும் அவளும் கட்டிக்கொண்டது அவனுக்குத் தெரியும், பிரிந்தது தெரியாது. டாக்ஸி பிடித்து ஏற்றிவிடுகிறான், காசும் அவனே கொடுக்கிறான். அவள் இன்னும் புருஷனோடுதான் இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டதால். அந்த வாக்கியத்தோடு புத்தகம் முடிகிறது. மூன்றாவது தடவை படிக்கும்போதுதான் எனக்கு உறைத்தது.

வயல்வரப்பு, நீங்கள் படிக்கக் கேட்டிருந்தீர்கள் என்று தனி மடலில் பார்த்தேன். அட்டை கிழிந்ததைப் பசை போட்டு ஒட்டிவிட்டேன். முகவரி அனுப்புங்கள், பார்சல் போடுகிறேன். தபால் செலவு என்னுடையது.

---

வயல்வரப்பு

சரி. அனுப்பிவிட்டேன். திருப்பி அனுப்பும் செலவு என்னுடையது.